ரோலிங், சின்னம்மா, நேர்மை – கடிதம்

அன்புள்ள அக்கா,

போன மாதம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் உங்கள் உரைக்கு வந்திருந்தேன். கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி ஹேரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரோலிங் பற்றிக் கேட்டபோது, "அவர் சொல்வதெல்லாம் எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் நேர்மையான எழுத்தாளர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். கோலாலம்பூர் சவுகிட் வட்டாரத்துத் திருநங்கைகளைப் பற்றி அத்தனை அன்போடு எழுதிய நீங்களா இப்படிச் சொன்னது என்று வீடு வந்து சேரும்வரை மனசு ஆறவில்லை. விளம்பரத்துக்காகவும் பணத்துக்காகவும் திருநர்கள் என்ற ஒரு சின்னச் சமூகத்தைச் சீண்டிக்கொண்டே இருப்பவரிடம் என்ன நேர்மை? அவர் பெரும் கோடீஸ்வரி. இதனால் அவர் எதை இழந்துவிட்டார்?

நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை, பள்ளியில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறேன். அவர் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துவிடச் சொல்லிச் சில மாணவர்கள் கேட்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள். படைப்பு வேறு படைப்பாளி வேறு என்று சொல்லிச் சமாளிக்கலாமா? என்ன செய்யட்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

க., பட்டர்வொர்த்

*

அன்புள்ள க.,

நல்லவேளை எழுதினீர்கள். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்னது ஒன்றரை வரி. மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி கதவருகே வந்து நின்றுவிட்டார், எனக்கும் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். கோலாலம்பூர் வருகிற வழியெல்லாம் சொல்லாமல் விட்ட மிச்சம்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் அதில் பாதிக்கு மேல் ரோலிங்கைப் பற்றியே இல்லை, உங்கள் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறையில் வாழ்ந்து செத்துப்போன என் சின்னம்மாவைப் பற்றி. அவரிடம் அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கோபம். ஒரு மனுஷிக்கு நேர்மை இல்லை என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் என் பெயரைப் போடாதீர்கள் என்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. நீங்கள் அரசாங்கப் பள்ளியில் வேலை பார்க்கிறவர், பெயர் வந்தால் தலைமையாசிரியர் கூப்பிடுவார், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் யாராவது கிளப்புவார்கள், ஆங்கிலம் படித்த ஒரு தந்தை இதை மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அனுப்புவார். அதனால்தான் ஓர் எழுத்தோடு நிறுத்தினேன், அதுவும் உங்கள் பெயரின் முதல் எழுத்து இல்லை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை அம்மா. பெயரைப் போட்டுப் பேசினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படைப்பு வேறு படைப்பாளி வேறு என்கிற விவகாரத்தை விட்டுவிடுவோம். பட்டிமன்றக்காரர்கள் பிழைத்துப்போகட்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் கவனித்தேன், ரோலிங் எழுதிய ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் இருக்கிறது. அதனால் நானே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2019இல் லண்டனில் மாயா ஃபோர்ஸ்டேட்டர் என்ற ஆய்வாளருக்கு அவர் வேலை பார்த்த நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. உடலின் ஆண், பெண் பாலை மாற்றிக்கொள்ள முடியாது என்று டுவிட்டரில் எழுதியதுதான் காரணம் என்று அவர் தொழில் நடுவர் மன்றத்துக்குப் போனார். ஜனநாயகச் சமூகத்தில் மதிக்கத்தக்க கருத்தே அல்ல அது என்று அந்த டிசம்பரில் அங்கே தீர்ப்பானது. மறுநாள்தான் ரோலிங் வாய் திறந்தார். விரும்பியபடி உடுத்துங்கள், விரும்பிய பெயரில் வாழுங்கள், சம்மதிக்கிற யாரோடும் படுங்கள், ஆனால் உடலின் பால் என்பது நிஜம் என்று சொன்னதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைக்காதீர்கள், இதுதான் அவர் சொன்னதன் சாரம். 2021இல் மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. 2022இல் ஃபோர்ஸ்டேட்டருக்குப் பாகுபாடு நடந்தது என்று முடிவாகி, அடுத்த வருஷம் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடும் கிடைத்தது. சட்டம் அந்தப் பக்கம் சாய்ந்ததால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரோலிங் பேசியபோது அது தோற்ற வழக்கு, அதைக் கவனியுங்கள்.

அப்புறம் 2020 ஜூன் 10 அன்று தன் இணையதளத்தில் நீளமாக ஒரு கட்டுரை போட்டார். முதல் திருமணத்தில் அடி வாங்கியதையும், இருபதுகளில் தனக்கு நடந்த பாலியல் தாக்குதலையும் அதில்தான் வெளியே சொன்னார். பெண்களுக்கு மட்டுமேயான இடங்கள் ஏன் தனக்கு அவ்வளவு முக்கியம் என்று விளக்க அதைச் சொல்ல வேண்டியிருந்தது. திருநர்களில் பெரும்பாலோரால் யாருக்கும் ஆபத்து இல்லை, அவர்களே வன்முறைக்கு ஆளாகிறவர்கள், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் அவ்வளவு பேர் மருத்துவ வழியில் போவது தனக்குக் கவலையாக இருக்கிறது என்றும் எழுதினார். இதில் எதை ஏற்பது எதைத் தள்ளுவது என்பது உங்கள் பாடு. நானே சிலதைத் தள்ளுகிறேன். ஆனால் விளம்பரத்துக்காக எழுதப்பட்டது என்று அதைச் சொல்ல, அதைப் படிக்காமல் இருந்தால்தான் முடியும்.

பணத்துக்காக என்றீர்கள். இந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பதில் எழுத வைத்தது. நம் ஆட்கள் யாரைப் பற்றிப் பேசினாலும், அது கோயில் தலைவராக இருக்கட்டும் கட்சிக்காரராக இருக்கட்டும் எழுத்தாளராக இருக்கட்டும், மூன்றாவது வாக்கியத்தில் "எவ்வளவு வாங்கினாராம்?" வந்துவிடுகிறது. ஒருவர் ஒன்றை நம்பித்தான் பேசுகிறார் என்று ஏற்றுக்கொள்வது நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? கணக்கையே பார்ப்போம். 2019இல் அவருக்குப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன, லண்டனிலும் நியூயார்க்கிலும் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, பொம்மையிலிருந்து பூங்காவரை அவர் கதையை வைத்துத்தான் வியாபாரம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் செல்லமான ஒரு பெண், அந்தச் செல்லத்தைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பணத்தை மட்டும் பார்க்கிற எந்த ஆலோசகரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவரை உலகத்துக்குக் கொண்டுபோன படங்களில் நடித்த பிள்ளைகளே, அவர் கண் முன்னால் வளர்ந்தவர்கள், 2020இல் வெளிப்படையாக அவரை மறுத்துப் பேசினார்கள். அது அவர்கள் உரிமை, அவர்களும் தங்கள் பெயரிலேயே பேசினார்கள், அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது இழப்பு இல்லையா? இழப்பு என்றாலே வெள்ளியில் எண்ணுவதுதானா?

சரி, வெள்ளிக் கணக்கில் நீங்கள் சொல்வது உண்மைதான். புறக்கணிக்கச் சொல்லி அத்தனை பேர் கத்தியும் 2023இல் அவர் உலகத்தை வைத்து வந்த கணினி விளையாட்டு விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது. அவர் தெருவுக்கு வரவில்லை, வரவும் மாட்டார். பணம் அவரைக் காப்பாற்றுகிறது, ஃபோர்ஸ்டேட்டரைக் காப்பாற்றவில்லை, உங்களைக் காப்பாற்றாது, என்னையும் காப்பாற்றாது. ஆனால் அந்தக் காப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்தில் வெறுப்புக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே, நான் எழுதுவது குற்றமென்றால் கைது செய்யுங்கள் என்று எழுதினார். குற்றம் இல்லை, நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று போலீஸ் சொன்னபோது அதோடு விடவில்லை. இதே சொல்லுக்காக வேறு எந்தப் பெண்மேல் கை வைத்தாலும் அவள் சொன்னதை நானும் திருப்பிச் சொல்வேன், இரண்டு பேர் மீதும் சேர்த்து வழக்குப் போடுங்கள் என்றார். பணக்காரர்கள் செய்கிற வேலையா இது? நம் ஊரில் பட்டம் வாங்கிய எத்தனை டத்தோக்கள், டான்ஸ்ரீக்கள் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்குச் சிக்கல் வந்தால் "அவள் சொன்னதை நானும் சொல்கிறேன்" என்று முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள்? புகைப்படத்துக்கு வந்து நிற்பார்கள்.

இன்னொன்று. 2021 நவம்பரில் அவரை எதிர்க்கிற மூன்று பேர் எடின்பரோவில் அவர் வீட்டு வாசலில் நின்று, முகவரி தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்குச் சின்னம்மா ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து ரோலிங் பெயர் எங்கே அடிபட்டாலும் கூடவே அவரும் வந்துவிடுகிறார், இரண்டு பேரும் சந்தித்திருந்தால் முதல் அரைமணி நேரத்திலேயே சண்டை போட்டிருப்பார்கள் என்றாலும்.

சின்னம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எண்பதுகளில் ஞாயிறு பதிப்புகளில் கதை எழுதுவார், ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் கீழே பெயரும் ஊரும் போடுவார்கள், சின்னம்மா வீட்டு எண், ஜாலான் பெயர் எல்லாம் எழுதி, அப்படியே அச்சடிக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் வைத்து அனுப்புவார். ஏன் என்று சித்தப்பா கேட்டால், "படிச்சிட்டுக் கோபம் வர்றவன் எங்க போவான், பாவம்" என்பார். வந்தார்கள். சம்சு குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனை அகப்பையால் திருப்பி அடிக்கிற ஒருத்தியைப் பற்றி ஒரு கதை எழுதினார். ஊருக்கெல்லாம் அது யார் என்று தெரிந்துவிட்டது, கோயில் கணக்கப்பிள்ளையின் வீடு. ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிள்களில் ஐந்தாறு பேர். நான் பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன், உள்ளறையில் என்னை விட்டுக் கதவைச் சாத்தியும் சாத்தாமலும் வைத்திருந்தார்கள். சின்னம்மா எல்லோருக்கும் கோப்பி-ஓ கலக்கிக் கொடுத்தார். "கதையில எது பொய்னு சொல்லுங்க, அடுத்த வாரமே நானே எழுதிப் போட்டுடறேன்." அவர்களில் மூத்தவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார், "பொய்னு யாரு டீச்சர் சொன்னா? இதெல்லாம் எழுதற விஷயமான்னுதான் கேக்கறோம்." அந்தப் பேச்சு எட்டு மணி வரை போனது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், கிடைக்கவில்லை, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள் என்று சித்தப்பா பல வருஷம் சொல்லிச் சிரிப்பார். 1985இல் பினாங்கில் பெண்கள் நெருக்கடி மையம் ஆரம்பித்தபோது இரண்டு மூன்று பெண்களைப் பிறையிலிருந்து ஃபெரியில் அழைத்துக்கொண்டு போனவரும் அவர்தான். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல்தான் வந்தது, அதற்கெல்லாம் முந்திய கதை இது.

இவ்வளவு கேட்டதும் உங்களுக்குச் சின்னம்மாவைப் பிடித்திருக்கும். இப்போது மீதியையும் கேளுங்கள். அவர் மகள் ஒரு சீனப் பையனைக் காதலித்தாள். சின்னம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். மறுத்ததோடு நிற்காமல், கலப்பு மணத்தால் நம் பிள்ளைகளிடம் தமிழ் செத்துவிடும் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை எழுதினார், கீழே வழக்கம்போல வீட்டு முகவரி. அதுவரை அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய இளைஞர் மன்றங்கள் எல்லாம் பாய்ந்தன. பிற்போக்கு என்றார்கள், இனவெறி என்றார்கள், முன்பு எழுதியதெல்லாம் வேஷம், பேருக்காக எழுதினார் என்றார்கள். பாருங்கள், உங்கள் அதே வாக்கியம். பதிவுத் திருமணத்துக்கு அவர் போகவில்லை. எனக்கு அப்போது அவர்மேல் இருந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுசாக அடங்கவில்லை, அவர் மகளான என் அக்கா அந்தப் பதிவு அலுவலகத்தில் அம்மா வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆனால் அதே ஆண்டு இன்னொரு ஆளும் சின்னம்மா வீட்டுக்கு வந்தார். மேடை மேடையாகச் சாதி ஒழிப்பு, கலப்பு மணம் என்று முழங்கி, மாலையும் பொன்னாடையும் வாங்கிக் குவித்தவர். தன் மகளுக்கு "நம்ம ஆளுங்கள்லயே" ஒரு நல்ல பையன் இருந்தால் சொல்லுங்க டீச்சர், காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்றார். சின்னம்மா அவருக்குக் கோப்பி கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஊர் யாரை நேர்மையில்லாதவர் என்றது, யாருக்கு மாலை போட்டது என்று நீங்களே பாருங்கள். சின்னம்மா செத்தபோது துக்க வீட்டில் அந்த மகள் என்னிடம் சொன்னாள்: "அம்மா பிடிவாதக்காரி, என்னைப் போட்டு அழவெச்சா, அதை நான் மன்னிக்கலை. ஆனா என்கிட்ட ஒருநாளும் நடிச்சதில்லை." மன்னிக்காத ஒருத்திக்கு அப்படிச் சொல்ல முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அன்று ஜார்ஜ் டவுனில் சொல்லியிருக்க வேண்டும், கதவருகே காவலாளி நிற்கும்போது எப்படிச் சொல்வது?

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது க. ஒருவர் தப்பாகப் பேசுகிறார் என்று தோன்றினால், தப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டோம். உள்நோக்கம் இருக்கிறது, கெட்ட எண்ணம் இருக்கிறது என்று அடுத்த படிக்குத் தாவிவிடுவோம். தப்பு என்று நிரூபிக்கப் படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும். கெட்டவர் என்று சொல்ல ஒன்றும் வேண்டாம். 2011இல் இண்டர்லோக் நாவல் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் மாநிலப் பள்ளிகளில் அது பாடமாக வரவில்லை, இங்கே கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஐந்தாம் படிவத்துக்கு வைத்தார்கள். என் அண்ணன் மகள் அந்த வருஷம் எஸ்.பி.எம். தேர்வு எழுதினாள். மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை, 1971இல் வந்த நாவல். மலபாரிலிருந்து வரும் மணியத்தின் சாதியைப் பற்றி எழுதிய பகுதி நம் ஆட்களைக் கொதிக்க வைத்தது, அதில் நியாயமும் இருந்தது. சாதியைப் பற்றியும் தென்னிந்தியாவைப் பற்றியும் அந்த நாவல் சொல்வதில் பிழைகள் இருக்கின்றன, அவற்றை அப்போதே பட்டியலிட்டு எழுதினேன். ஆனால் என்னிடம் கையெழுத்துக்கு வந்த மனுவில் நாவலாசிரியர் அப்துல்லா ஹுசேன் இந்தியர்களை இழிவுபடுத்தும் திட்டத்தோடு எழுதியவர் என்று இருந்தது. அவருக்கு அப்போது 90 வயது, தேசிய இலக்கியவாதி. மூன்று இனமும் ஒன்றாக வாழ முடியும் என்று சொல்லத்தான் அந்த மனுஷர் அவ்வளவு பெரிய நாவலை எழுதியிருக்கிறார், முழுதாகப் படித்த யாருக்கும் அது தெரியும். மனுவைக் கொண்டுவந்தவரிடம் எத்தனை பக்கம் படித்தீர்கள் என்றேன், புலனம் (வாட்ஸ்அப்) இவ்வளவு பரவாத காலம், நகலெடுத்த தாள்கள் நாலைந்து வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக என்னை அழைப்பதை நிறுத்திக்கொண்ட சங்கங்கள் இன்றும் அழைப்பதில்லை, அது போகட்டும். அந்த வருஷக் கடைசியில் நாவலை எடுத்துவிட்டார்கள். நமக்கு வெற்றி. பறையன் என்ற சொல்லை நாவலில் படித்துக் கொதித்தவர்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் அந்தச் சொல் நின்றுவிட்டதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

புத்தகத்தை எடு என்று கேட்பது நம் நாட்டில் குறிப்பாக எனக்கு ஆகாது. இங்கே அதற்கு மாணவர்கள் தேவையே இல்லை, 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீடுகள் சட்டம் இருக்கிறது, உள்துறை அமைச்சு இருக்கிறது. ஒருபால் ஈர்ப்பைக் கிறிஸ்தவப் பார்வையில் ஏற்றுப் பேசிய ஒரு மலேசியரின் நூலை 2020இல் தடை செய்தார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் தடையை எடுத்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பப் போட்டது. உங்கள் மாணவர்கள் யாருக்காக வருத்தப்படுகிறார்களோ அவர்களைப் பற்றிய நூல்கள்தான் இங்கே முதலில் அலமாரியை விட்டுப் போகும். ரோலிங்கின் நூல்களையே முதலில் துரத்தியது யார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மந்திரம் சூனியம் என்று 2001இல் அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தார் நெருப்பில் போட்டார்கள். 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களில் எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த வரிசையில் ஹேரி பாட்டருக்குத்தான் முதலிடம். அதனால் எடுக்காதீர்கள். பிடிக்காத பிள்ளை படிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இனி எனக்கு அவரோடு இருக்கிற சண்டை. அந்த 2024 ஏப்ரல் பதிவில் அவர் ஒரு பட்டியல் போட்டார். தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளிகளையும், குற்றமே செய்யாத, அவரோடு கருத்து மோதுகிற திருநங்கைகளையும் ஒரே மூச்சில் அடுக்கி எல்லாரும் ஆண்களே என்றார். அது அற்பமான செயல். நாலு வருஷத்துக்கு முன்பு அந்தக் கட்டுரையை எழுதிய பெண் அந்தப் பட்டியலைப் போட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் இமான் கெலிஃப், சிறுமியாகவே வளர்ந்து பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர், அவரை உலகமே பார்க்க ஆண் என்று எழுதினார். தொலைக்காட்சியில் ஒரு குத்தைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியின் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இவர் யார்? அடிபட்ட பெண்களுக்காக 2022இல் எடின்பரோவில் தன் காசில் மையம் திறந்தவர், ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்திமேல் அத்தனை கோடிப் பேர் எச்சில் துப்ப வழிவிட்டார். இதையெல்லாம் நான் மறைக்கப்போவதில்லை. கோபமும் வெற்றியும் மனுஷரைக் கெடுக்கும், அவரையும் கொஞ்சம் கெடுத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது உடலின் பாலைத்தான் குறிக்கும் என்று தீர்ப்புச் சொன்னது, திருநர்களுக்கு அதே சட்டத்தில் உள்ள பாதுகாப்பு தொடரும் என்றும் சொன்னது. அன்று அவர் சுருட்டுப் பிடித்தபடி ஒரு படம் போட்டார். சுருட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, எங்கள் தோட்டத்துப் பாட்டிகள் லயத்து வாசலில் உட்கார்ந்து பிடித்ததுதான். தோற்றவர்கள் பயந்துபோய் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிற அன்றைக்கே பிடிக்க வேண்டுமா என்பதுதான்.

ஆனால் இந்த அற்பமும் அவர் பெயரிலேயே வந்தது. ஆள் வைத்து எழுதவில்லை, கூட்டத்துக்குக் கூட்டம் மாற்றிப் பேசவில்லை. இவர் எதிரில் நின்று பேசுகிற திருநங்கைகளும் அப்படித்தான், முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி. அவர்களும் நேர்மையானவர்கள். இரண்டு நேர்மையான தரப்புக்கு நடுவில் சண்டை வரும் என்பதை உங்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை.

அந்த 2020 கட்டுரையை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டு எழுதுங்கள், திட்டியே எழுதுங்கள், போடுகிறேன்.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்கு இல்லை க. இந்தப் பதிலின் மேல்பாதியை மட்டும் வெட்டி, "பார்த்தீங்களா, அக்காவே சொல்லிட்டாங்க" என்று சிரிக்கிற முகம் நாலு சேர்த்துக் குடும்பப் புலனக் குழுக்களில் போடப்போகும் மாமாக்களுக்கும் அண்ணன்களுக்கும். நீங்கள் ரோலிங் பக்கம் இல்லை. தன் கதையின் தலைமையாசிரியர் ஒருபால் ஈர்ப்பு உள்ளவர் என்று 2007இல் அவர் சொன்னார், அன்றைக்கு அது உங்கள் குழுவுக்கு வந்திருந்தால் அவரை என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மனைவியை அடிக்கிற புருஷனைப் பற்றி அவர் எழுதியதை நீங்கள் யாரும் பகிரவில்லை. நம் நாட்டுக்காரர் நிஷா ஆயுப் 2000ஆம் ஆண்டில், 21 வயதில், பெண்ணுடை அணிந்த குற்றத்துக்காக ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். உள்ளே அவருக்கு நடந்ததை அவரே பின்னால் வெளியில் சொல்லியிருக்கிறார். 2016இல் உலகத் துணிச்சல் பெண்கள் விருதை அமெரிக்காவில் வாங்கிய முதல் திருநங்கை அவர். அந்த உடைச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நெகிரி செம்பிலான் வழக்கில் சொன்னது, 2015இல் கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தது. சவுகிட்டில் இரவில் ஒருத்தி அடிபட்டுக் கிடந்தால் போலீசுக்குப் போக இன்றும் பயப்படுகிறாள். பகிர்வதானால் இந்தப் பத்தியையும் சேர்த்துப் பகிருங்கள், உங்கள் பெயரைப் போட்டு.